பால் ஆகாத வீடு

உருளைக்கிழங்கின் தோலைச் சீவி, சீவியதைத் தண்ணீருக்குள் போட்டுக்கொண்டே இருந்தாள் மகள். முன்னறையில் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் அவளைப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தும் பார்த்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சமையலறையிலாவது கைக்கு வேலை இருந்தது.

அடக்கம் முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு ரொட்டியும் கோழிக் குழம்பும் செய்து கொண்டுவருவதாக மாடிவீட்டம்மா சொல்லியிருந்தார். "நீ ஒண்ணும் பண்ணாதம்மா, சும்மா உட்காரு" என்றும் சொன்னார். "கிழங்கு மட்டும் நான் பண்றேன்க்கா" என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். அது அப்பாவின் கிழங்கு. விடுமுறை நாட்களில் மற்றவர்களை அடுப்படியை விட்டுத் துரத்திவிட்டு அவர் செய்கிற ஒரே சமையல். அதை இன்றைக்கு வேறொருவர் செய்ய, தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்பாவுக்குக் கண்ணாடி வேலை. ஜன்னலுக்கும் கதவுக்கும் அளவெடுத்து, அறுத்து, சட்டத்தில் பதித்து, கண்ணாடி ஆடாமல் ஓரத்தில் புட்டி என்கிற பசையைப் பூசுகிற வேலை. மகளுக்கும் கண்ணாடிதான் பிழைப்பு, ஆனால் மூக்குக் கண்ணாடி. கடைத்தெருவில் ஒரு கடையில் வில்லைகளைச் சட்டத்துக்குத் தகுந்தபடி தேய்த்துக் கொடுக்கிறாள். "அப்பா வீட்டுக்குக் கண்ணாடி போடறாரு, பொண்ணு மூக்குக்குப் போடுது" என்று தெருவில் ஒரு கிண்டல் உண்டு. அப்பாவுக்கு அந்தக் கிண்டல் ரொம்பப் பிடிக்கும். மற்றவர்கள் சொல்ல மறந்தால் அவரே ஆரம்பித்து வைப்பார்.

கிழங்கையும் அவர் கண்ணாடிக்காரரின் கையால்தான் செய்தார். "சுண்ணத்தூளும் எண்ணெயும் சேர்ந்தா புட்டி, கிழங்கும் எண்ணெயும் சேர்ந்தா சாப்பாடு. ரெண்டுக்கும் ஒரே பதம். கையில ஒட்டவும் கூடாது, உதிரவும் கூடாது" என்பார். உப்புத் தண்ணீரில் நாலைந்து பூண்டுப் பற்களோடு கிழங்கை வேகவைப்பார். வெந்த தண்ணீரைக் கீழே கொட்டவிட மாட்டார், கிண்ணத்தில் எடுத்து வைப்பார். சூடு ஆறுவதற்குள் மசித்து, எண்ணெயைச் சிறு கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இறுகினால் அந்தத் தண்ணீரைத் தெளித்து இளக்குவார். மேலே சிவக்க வதக்கிய வெங்காயமும் மிளகுத்தூளும். சொட்டுப் பால் கிடையாது, வெண்ணெய் கிடையாது. சாப்பிட்டவர்கள் யாரும் அந்தக் குறையைக் கண்டுபிடித்ததும் கிடையாது.

அந்த வீட்டுக்குள் பால் வந்ததே இல்லை. மகளுக்குப் பால் பட்டால் உதடு வீங்கும், தொண்டை அடைக்கும். பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்த ஒரு துண்டு கேக்குக்காக ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அப்பாவுக்கு அவ்வளவு மோசமில்லை. குடித்தால் வயிறு உப்பும், புரட்டும், அவ்வளவுதான் என்பார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வயிறு" என்று போகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொள்வார். கேட்டவர்கள், "பின்னே, அப்பாவைத்தானே கொண்டிருக்கும்?" என்பார்கள். அவர் ஆமாம் என்று தலையாட்டுவார்.

அவர் அவளைப் பெற்றவர் இல்லை. அம்மா இந்த வீட்டுக்கு வந்தபோது மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். நினைவு நிற்காத வயது அது. வளர்ந்து, விவரம் தெரிகிற வயதில் அம்மாவே உட்காரவைத்துச் சொன்னாள். அன்றைக்கு இவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதபோது, அப்பா கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "யாரு என்ன வேணா சொல்லட்டும். வேற யாரோ பெத்திருந்தா வயிறு எப்படி என்னை மாதிரியே இருக்கும்? போய் டாக்டரைக் கேளு" என்றார். கதவு திறந்தது. பெரியவளான பிறகு, அது தற்செயல் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் முகம், நிறம், உயரம் எதுவும் அவருடையதாக இல்லாதவளுக்கு, வயிறாவது அவருடையதாக வாய்த்ததே என்று ஒரு சந்தோஷம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. அம்மா போன பிறகு அது இன்னும் அதிகமாயிற்று.

இன்றைக்கு அந்தச் சந்தோஷத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. அப்பாவின் அக்கா வந்திருந்தார்.

இவள் அறிந்து அத்தை இந்த வீட்டு வாசல்படி ஏறியதில்லை. அம்மா செத்ததற்கும் வரவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் இடையில் எப்போதாவது ஒரு போன் உண்டு. 'சௌக்கியமா, சௌக்கியம்' என்பதற்கு மேல் அதில் பேச்சு இருக்காது. நேற்று இவள்தான் போன் செய்து சொன்னாள்.  "நான் வர்ற வரைக்கும் பெட்டியை மூடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

காலையில் வந்தார். கனத்த உடம்பு, கையில் ஊன்றுகோல், ஊரையே அதட்டுகிற குரல். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையற்கட்டை நிர்வகித்து ஓய்வு பெற்றவர். தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அழவில்லை. மாடிவீட்டம்மா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பால் டீயை வாங்கிக் குடித்தார், இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம்தான் வண்டியைப் பற்றி விசாரித்தார். பெட்டியை ஏற்றுகிற வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இருக்கை. நெருங்கிய சொந்தம் ஒருவர் அதில் உட்கார்ந்து கடைசிவரை கூடவே போகலாம் என்று அந்த ஆட்கள் போனில் சொல்லியிருந்தார்கள். அந்த இருக்கை யாருக்கு என்ற கேள்வியே மகளுக்கு அதுவரை எழவில்லை.

"அதுல நான் ஏறிக்கறேன்" என்றார் அத்தை. "ரத்தம்னு அவனுக்கு நான் ஒருத்திதானே மிச்சம்."

கூடத்தில் இருந்த நாலைந்து பேர் மகளைப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சுட்டது. சமையலறைக்கு வந்து கத்தியைக் கையில் எடுத்தாள். தெரு முழுக்க அவளை அவர் மகள் என்று சொல்லும். தெரு சொல்லி என்ன ஆகப்போகிறது? அவரோடு பிறந்தவர் ஒருவர்தான் பாக்கி. அவர் வாயே இவள் சொந்தமில்லை என்று சொல்லிவிட்டதே.

கிழங்கு கொதிக்கத் தொடங்கியபோது ஊன்றுகோல் சத்தம் சமையலறைக்கு வந்தது. அத்தை பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக் கண் அது, பார்த்ததும் குறை கண்டுபிடித்துவிடும்.

"இவ்வளவு பெரிசாவா நறுக்குவாங்க? சரி, போகட்டும். வெண்ணெய் எங்கம்மா வெச்சிருக்க?"

"வெண்ணெய் இல்லைங்க."

"தீர்ந்துபோச்சா? யாரையாவது கடைக்கு அனுப்பு. பாலும் சேர்த்து வாங்கிட்டு வரச் சொல்லு. கிழங்கு ஆறினப்புறம் பாலை ஊத்தினா கட்டி தட்டிடும்."

"இந்த வீட்டுல பால், வெண்ணெய் எதுவும் வாங்கறதில்லைங்க. எனக்கு ஆகாது. அப்பாவுக்கும் ஆகாது."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவனுக்கா? பாலேடுன்னா உயிரை விடுவானே அவன்!" என்றவர், சொன்ன வார்த்தை தன் காதிலேயே விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். முன்னறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "யாரு உனக்கு இதைச் சொன்னது?"

"அவரேதான். சின்ன வயசுலேர்ந்தே ஆகாதுன்னு சொல்லுவாரு. குடிச்சா வயிறு உப்பும்னு."

"சின்ன வயசுலேர்ந்தா? அவனை வளர்த்ததே நான்தாம்மா. பால் சட்டியை ஒளிச்சு வெச்சாலும் மோப்பம் புடிச்சு வந்து ஏட்டை வழிச்சுத் தின்னுட்டுப் போயிடுவான். அடி வாங்கினாலும் மறுநாள் அதே வேலை."

மகள் அடுப்பைக் குறைத்தாள். குறைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. "அப்புறம் ஆகாமப் போயிருக்கலாம். வயசானா அப்படி ஆகும்னு சொல்லுவாங்க."

"எப்போ ஆகாமப் போச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றார் அத்தை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நீயும் உங்கம்மாவும் வந்த அன்னைக்கு ஆகாமப் போச்சு."

அப்போது இந்த வீட்டில் சமையல் அத்தையின் கையில் இருந்தது. புதிதாக வருகிறவளுக்காக அன்றைக்குப் பார்த்துப் பார்த்துச் சமைத்திருந்தார். தம்பிக்குப் பிடிக்குமே என்று கிழங்கில் பாலும் வெண்ணெயும் தாராளமாக விட்டு மசித்திருந்தார். குழந்தைக்குப் பால் ஆகாது என்று உட்கார்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். அதற்கென்ன என்று அத்தை, அவித்த கிழங்கு ஒன்றை உப்புத் தொட்டுக் குழந்தையின் தட்டில் வைத்தார்.

"நீ அதைத் தொடலை. அழவும் இல்லை. எல்லாரு தட்டையும் ஒண்ணு ஒண்ணாப் பார்த்துட்டு, உன் தட்டைப் பார்த்துட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்ட. அவன் அதைப் பார்த்துக்கிட்டே இருந்தான். அப்புறம் தட்டைத் தள்ளிட்டான். 'அக்கா, எனக்கும் இப்பல்லாம் பால் ஒத்துக்க மாட்டேங்குது, அவளுக்கு வெச்சதையே எனக்கும் வை'ன்னான். முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் ஏடு தின்னவன்! எனக்கு எப்படி இருந்திருக்கும்? பொண்டாட்டி உள்ள காலெடுத்து வெச்ச அன்னைக்கே அக்கா கை சோறு கசக்குதான்னு நினைச்சேன். அவதான் ஏதோ சொல்லிக்குடுத்திருக்கான்னு முடிவு பண்ணிட்டேன். ஆஸ்பத்திரி வேலைக்கு எழுதிப் போட்டு, அந்த மாசமே கிளம்பிட்டேன்."

அத்தை ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் போனப்புறம் பழையபடி சாப்பிட்டிருப்பான்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு நாள் நடிப்பு, நம்மைத் துரத்தறதுக்கு, அப்படின்னு."

"இந்த வீட்டுக்குள்ள பாலே வந்ததில்லை" என்றாள் மகள்.

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட."

கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. 

மகள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் அப்பாவின் கூட்டாளி நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி ஏற்றுகிற சட்டம் பொருத்திய அவருடைய வண்டியைத் தெருவோரமாக ஒதுக்கி நிறுத்தியிருந்தார். அப்பாவோடு சேர்ந்து அந்த வண்டியில் ஊரெல்லாம் சுற்றியவர்.

"மாமா, அப்பா வேலைக்குப் போற இடத்துல பால் டீ குடிப்பாரா?"

அவர் விழித்தார். சாவு வீட்டில் இப்படி ஒரு கேள்வியை யார் எதிர்பார்ப்பார்கள்? "இல்லம்மா. ஆகாதேம்மா அவருக்கு."

"நிஜமாச் சொல்லுங்க. வெளிய எங்கேயாவது? எனக்குத் தெரியாம?"

"தெரியாமக் குடிச்சிருந்தா இப்பச் சொல்றதுல எனக்கென்ன? குடிச்சதே இல்ல. ஆனா என் கோப்பையை வாங்கி மோந்து பார்ப்பாரு. தினமும் பார்ப்பாரு. 'நான் மூக்கால குடிச்சுட்டேன், நீ வாயால குடி'ன்னு திருப்பிக் குடுத்துடுவாரு." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகளுக்கு ஏமாற்றமாக இருந்தது. வெளியிலாவது திருட்டுத்தனமாகக் குடித்திருக்கக் கூடாதா மனிதர்? அவளைச் சாப்பாட்டு மேசையில் ஏமாற்றியதுபோல் தெருமுனையிலும் ஏமாற்றியிருந்தால் இப்போது எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் வளர்ந்து, வேலைக்குப் போய், எதில் பால் இருக்கிறது என்று தானே பார்த்துச் சாப்பிடத் தெரிந்துகொண்ட பிறகாவது விட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் வயிறு இருவருக்கும் பொதுவாகிவிட்டிருந்தது. இவருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்திருப்பார். அம்மாவுக்கு இது தெரிந்திருக்கும். தெரிந்தே வாயைத் திறக்காமல் போய்விட்டாள்.

போன வாரம் நடந்தது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை. மாடிவீட்டம்மா ஒரு கிண்ணத்தில் கஸ்டர்ட் செய்து கொண்டுவந்தார். வழவழவென்று, இன்னும் சூடாக, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு ஸ்பூன் எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோய்விட்டார். உள்ளே வந்த இவள் பதறிப்போய்க் கையைப் பிடித்தாள். "ஐயோ அக்கா, பால்! அப்பாவுக்கு ஆகாது!" என்று கத்தினாள். அப்பா ஸ்பூனைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார். "ஆமாம்மா, எனக்கு ஆகாது. எடுத்துட்டுப் போயிடு" என்று மாடிவீட்டம்மாவிடம் மெல்லச் சொன்னார். கிண்ணம் அறையை விட்டுப் போகிறவரைக்கும் அவர் மூச்சை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். மூச்சுத் திணறுகிறதோ என்று பயந்து இவள் தலையணையை உயர்த்தி வைத்தாள்.

அவள் சமையலறைக்குத் திரும்பி வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதாள். நேற்றிலிருந்து வராத அழுகை. அத்தை எழுந்து வந்து தேற்றவில்லை. அவருக்கும் அவருடைய கணக்கு இருந்தது. எத்தனையோ வருடங்கள் தம்பியின் முகத்தில் விழிக்காமல் இருந்துவிட்டார், ஒரு தட்டைத் தள்ளிவைத்தான் என்பதற்காக. ஆனால் கிழங்கு வெந்துவிட்டதைப் பார்த்து எழுந்து அடுப்பை அணைத்தார். தண்ணீரை வடிக்கப் பாத்திரத்தைத் தொட்டிக்கு மேலே சாய்த்தார்.

"அதைக் கொட்டாதீங்க அத்தை" என்றாள் மகள். அந்த அத்தை என்ற வார்த்தை காலையிலிருந்து அவள் வாயில் வராமல் இருந்தது. "அந்தத் தண்ணி வேணும். பாலுக்குப் பதிலா அதைத்தான் ஊத்தணும்."

"இது அவன் கண்டுபிடிச்சதா?"

"ஆமா."

அத்தை ஒரு கிண்ணத்தில் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தார். மகள் மசித்தாள். அத்தை எண்ணெயை விட்டார். "இன்னும் கொஞ்சம்", "போதும்", "இப்போ தண்ணி" என்பதைத் தவிர இருவரும் வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. பதம் வந்ததும் அத்தை ஒரு விரலால் தொட்டு வாயில் வைத்தார். ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு மசித்துப் போட்டவர், நாக்கைச் சுழற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"உப்பு பத்தாது" என்றார். பிறகு இன்னொரு தடவை தொட்டு வாயில் வைத்துக்கொண்டார்.

மகள் உப்பைப் போட்டுக் கிளறி, பாத்திரத்தை மூடிவைத்தாள். வெங்காயத்தை வந்து வதக்கிக்கொள்ளலாம். அப்போது வண்டி வந்துவிட்டதாக வாசலிலிருந்து குரல் கேட்டது.

பெட்டியை ஏற்றுகிறவரைக்கும் எல்லோரும் தெருவில் நின்றார்கள். கூட்டாளியும் இன்னும் மூன்று பேரும் பிடித்துக் கொடுத்தார்கள். கண்ணாடி தூக்கிப் பழகிய கூட்டாளி, பழக்கதோஷத்தில், "மெதுவா, ஓரம் இடிக்கும், ஓரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதற்குள் மாடிவீட்டம்மா ஒரு தட்டில் டீ கொண்டுவந்தார். போய்த் திரும்ப நேரமாகும், வெறும் வயிற்றோடு போக வேண்டாம் என்றார். மகளுக்குக் கறுப்பு டீ. அத்தைக்கு, காலையில் கொடுத்தது போலவே, ஆடை மிதக்கிற பால் டீ.

அத்தை கோப்பையை வாங்கிப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே திருப்பி வைத்தார். "எனக்கும் கறுப்பு டீயே குடுத்துடும்மா."

"ஏம்மா? காலையில ரெண்டு வாங்கிக் குடிச்சீங்களே?"

"அதான் காலையிலேர்ந்து வயிறு என்னவோ பண்ணுது" என்றார் அத்தை. தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற குரல். "எங்க குடும்பத்துல யாருக்குமே பால் ஆகாது."

மாடிவீட்டம்மா பரிதாபமாகத் தலையாட்டிவிட்டு, தனக்கென்று வைத்திருந்த கறுப்பு டீயை எடுத்துக் கொடுத்தார். மகள் தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தினால் கண்ணில் நிற்பது கீழே விழுந்துவிடும்.

வண்டிக்காரர் பின்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கூட யாரு ஏறுறீங்க? ஒரு ஆளுக்குத்தான் இடம்."

எல்லோரும் அத்தைக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

"என்னை ஏன்யா பார்க்கற?" என்றார் அத்தை வண்டிக்காரரிடம். "அவன் பொண்ணு எதிர்ல நிக்கறாளே, கண்ணு தெரியலையா?" பிறகு மகளின் பக்கம் திரும்பினார். "ஏறுடி. அவனைக் காக்க வைக்காத."

மகள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி மெல்ல நகர்ந்தது. பக்கக் கண்ணாடியில் தெரு பின்னால் போயிற்று. கூட்டாளி தன் வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அத்தை இன்னும் ஏறவில்லை. நடுத்தெருவில் ஊன்றுகோலோடு நின்று, கறுப்பு டீயை ஒரு வாய் குடித்து, கசப்பில் முகத்தைச் சுளித்து, மறுபடியும் ஒரு வாய் குடித்தார்.